கதர்க்காரரும் சீமை விமானமும்

6-2-1949, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரைக்கும் எதிர் வீட்டுக் கூரையே தெரியவில்லை. புளியை வெயிலில் காய வைக்கலாம் என்றிருந்தேன், நடக்கவில்லை.

இன்று செய்தது: மொச்சைக் குழம்பு, பருப்பு வடை, ஒப்புட்டுப் போளி. ஒப்புட்டு கொஞ்சம் தடிமன். மகள் சரசுவின் கைவேலை. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் விடவில்லை நான்.

முருகேசன் வந்திருந்தான். புளி மண்டி சின்னசாமி அண்ணனின் மகன். பெங்களூர் விமானக் கம்பெனியில் பிட்டர் வேலை, இரண்டு வருஷமாக. சரசுவுக்குப் பார்த்திருக்கும் பையன். ஜாதகம் பொருந்தியாயிற்று, பெண் பார்த்தாயிற்று, மாசியில் தாம்பூலம் மாற்றுவதுதான் பாக்கி. இனி மு. என்று எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் முழுப் பெயர் எழுத இந்த டைரியில் இடம் போதாது. வக்கீல் வீட்டில் மிஞ்சியதை இவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. பாதிப் பக்கம் வாய்தா தேதிக்கென்று கோடு போட்டிருக்கிறது.

ஓசூர் பஸ்ஸில் புழுதியோடு வந்து இறங்கினான். தனியாகத்தான் வந்தான். சாப்பிடும்போது வேலையைப் பற்றி ஒரே பேச்சு. புது விமானமோ பழுது பார்த்த விமானமோ, முடிந்ததும் ஓட்டுகிறவர் ஒரு தடவை மேலே கொண்டுபோய்ச் சோதிப்பாராம். போல்ட் முறுக்கினவன் பின் ஸீட்டில் உட்கார வேண்டுமாம்.

"முறுக்குனவனே கூட ஏறணும்ங்க மாமா. அப்பத்தான் கை ஒழுங்கா வேல செய்யும்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. எங்க வூட்டுல இது தெரியாதுங்க. ஆத்தா பயந்துக்கும்."

ஒரு தடவை ஒகேனக்கல் வரைக்கும் போனார்களாம். மேலிருந்து பார்த்தால் காவேரி வாழைநார் மாதிரி இருந்ததாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சரசு கையில் குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழம்பு தரையில் சொட்டியது. துடைத்தவள் நான்.

இவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டார். வயிறு சரியில்லையாம். சீரகத் தண்ணீர் கொடுத்தேன்.

8-2, செவ்வாய்

பனி. எருமை இன்று கறக்க விடவில்லை. பால் குறைவு.

இவரைப் பற்றி இதில் நான் எழுதினதே இல்லை. கூடவே இருப்பவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

இவர் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் காகிதம் சுமப்பார், வாயைத் திறக்கக் கூடாது. அடக்கி வைத்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் கொட்டுவார். அங்கே வாராவாரம் ஒரு தலைப்பில் வாதம். இவர் ஒரு பக்கம், சின்னசாமி அண்ணன் மறு பக்கம். பத்து வருஷத்துக்கு மேல் இதே கதை. இவர் சுதேசி. அண்ணனுக்கு ஜெர்மன் கத்தி, சீமை லாந்தர், எல்லாம் அயல்நாட்டுச் சரக்காக இருந்தால்தான் நிம்மதி.

சுதேசி என்றால் சாதாரண சுதேசியா. என் கல்யாணத்துக்குப் பட்டுக் கூடாது என்று முரட்டுக் கதர் கட்ட வைத்தவர். ஈரமானால் அந்தப் புடவையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சீமைச் சர்க்கரை வீட்டுக்குள் வராது, வெல்லக் காப்பிதான். குண்டூசி அயல்நாட்டுச் சரக்கு என்று கோர்ட்டுக் காகிதத்தில் கருவேல முள் குத்தினவர். முன்சீப் விரலில் குத்தி ரத்தம் வந்து வக்கீல் திட்டின பிறகும் விடவில்லை.

அந்த மனிதர் இன்று காலையில் பேப்பர் படித்தார். நம் ராணுவத்துக்கு விமானம் வேண்டும், அந்த ஆர்டரை அயல்நாட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பதா, பெங்களூரில் நாமே செய்துகொள்வதா என்று பெரிய விவாதமாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"வெளிநாட்டுலயே வாங்கிடலாம். அவங்கதான் செஞ்சு பழகுனவங்க."

காப்பி டம்ளரோடு அப்படியே நின்றேன். சரசுதான் கேட்டாள்: "அப்பா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

10-2, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்தைத்தான் போட்டு உடைப்பேன்.

இவர் மண்டிக்குப் போய் எல்லார் முன்னாலும் அதையே சொல்லியிருக்கிறார். விமானம் சீமையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று. புளி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சின்னசாமி அண்ணன் இறங்கி வந்திருக்கிறார். ஆர்டரெல்லாம் வெளியே போனால் பெங்களூரில் ஆளைக் குறைப்பார்கள், குறைத்தால் கடைசியாகச் சேர்ந்தவனுக்குத்தான் முதலில் சீட்டுக் கிழியும் என்பது அவர் கணக்கு.

"பொண்ணு குடுக்கறதுக்கு முந்தியே பையன் சோத்துல மண்ணப் போடறீங்களே."

"நாட்டுக்கு எது நல்லதோ அதச் சொன்னேன்."

"அப்ப நாட்டுக்கே பொண்ணக் குடுத்துக்கங்க."

இதற்கு இவர் 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் என்னிடம், "சம்பந்தம் நின்னுபோச்சு, குளிக்கச் சுடுதண்ணி வை" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில்.

சுடுதண்ணீர் வைக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தார். நன்றாக நடுங்கட்டும்.

11-2, வெள்ளி

இவரோடு பேசவில்லை. சோற்றை வைத்தேன், நகர்ந்தேன். இரண்டாம் முறை சாதம் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவரே போட்டுக்கொண்டார், பாதி இலைக்கு வெளியே.

சரசு அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கேழ்வரகைத் திரிகையில் போட்டு அரைத்தாள், மூன்று நாள் களிக்கு ஆகிற அளவு. தெருவெல்லாம் சத்தம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்தார். அவர்தான் வாசகசாலைச் செயலாளர். அடுத்த வெள்ளி தாசில்தார் தலைமையில் வாதமாம். தலைப்பு: 'படை விமானங்களை அயல்நாட்டுக் கம்பெனியிடம் வாங்கலாமா?' வாங்கலாம் என்று இவர், கூடாது என்று சின்னசாமி அண்ணன். ஊரே திரளும் என்று கம்பவுண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள், அது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

13-2, ஞாயிறு

சந்தை. வாங்கியது: அவரை, கத்தரி, உப்பு, விளக்குத் திரி. மறந்தது: பெருங்காயம்.

அவரைக்காய்க் குவியலில் ரங்கம்மாவைப் பார்த்தேன், மு.வின் அம்மா. எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும், போய்ப் பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. இரண்டு பேரும் குனிந்து அவரைக்காயைப் பொறுக்கிக்கொண்டே அவரைக்காயோடு பேசினோம். காய்க்காரி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பெங்களூருக்கு இன்னும் சொல்லவில்லையாம். சொன்னால் பையன் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பானாம்.

"மண்டியில பேசுனது மண்டியோட போயிடும் அண்ணி. வெள்ளிக்கிழம தாசில்தார் முன்னாடி, ஊரு முன்னாடி, 'உன் பையன் வேண்டாம், உன் பொண்ணு வேண்டாம்'னு வாய விட்டுட்டா அப்புறம் யாரு அள்ளறது?"

எனக்கும் அதுதான் பயம். அப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால் நாளைக்கு யார் சரசுவைப் பார்க்க வந்தாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதைவிட, அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. குழம்பு சொட்டினது எனக்குத் தெரியாதா.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் பாதி முற்றின அவரை. பேசிக்கொண்டே பொறுக்கியதன் பலன்.

16-2, புதன்

பகலில் சுடுகிறது. மாசி பிறந்ததும் இப்படித்தான்.

இவர் மாட்டுக் கொட்டகையில் நின்று பேசிப் பழகுகிறார். வழக்கமாக இவர் பழகினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். இப்போது சரக்கே இல்லை. 'அனுபவம்' என்கிறார், 'அவசரம்' என்கிறார், மறுபடி 'அனுபவம்' என்கிறார். எருமை எழுந்து திரும்பி நின்றுகொண்டது.

சரசு போய் உதவி செய்தாள். தனக்கு வந்த சம்பந்தத்துக்கு எதிராகப் பேசுகிற அப்பாவுக்கு, எதை முதலில் சொல்ல வேண்டும், எதை முடிவில் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறாள். என் வயிற்றில் இப்படியும் ஒன்று. எரிச்சலாகவும் இருந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

வைக்கோல் எடுக்கப் போனபோது காதில் விழுந்தது:

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்காம்மா?"

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தி கேக்கற கேள்விங்கப்பா அது." எருமையின் முதுகைத் தடவிக்கொண்டே, "புடிச்சிருக்குதுங்க."

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், அவ்வளவு நேரம் துடைத்தார். பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி 'அனுபவம்' என்று ஆரம்பித்தார்.

19-2, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். களி கிண்டுவது சரசு.

வாசகசாலை நிரம்பி வாசல் வரைக்கும் ஆள். பெண்களுக்குத் தூணுக்கு இந்தப் பக்கம் பாய். ரங்கம்மா வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உத்தரவெல்லாம் சந்தையோடு போயிற்று. எனக்கு அந்தப் பக்கம் சரசு.

முதலில் சின்னசாமி அண்ணன். வாழ்நாளில் முதல் தடவையாகச் சுதேசி பேசினார். பேசப் பேச எனக்குச் சந்தேகம் வந்தது, எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி. அப்புறம் புரிந்தது. எல்லாம் இவருடைய பேச்சு. பத்து வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்டதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறார். கையை உயர்த்துவதும் இவர் மாதிரியே. கூட்டம் சிரித்து ஓய்ந்தது. இவரும் சிரித்துவிட்டார், தலையைக் குனிந்துகொண்டு. தாம் பேசினது இவ்வளவு நன்றாக இருந்ததா என்று அப்போதுதான் இவருக்கே தெரிந்ததோ என்னவோ.

அடுத்தது இவர். சரசு போட்டுக் கொடுத்த வரிசை முதல் வாக்கியத்திலேயே தவறிப்போயிற்று. எல்லை காக்க அவசரம் என்றார், பழகின கை வேண்டும் என்றார். சப்பென்று இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. கோபத்தை இடுக்கி வைத்திருந்தேன், அது எங்கேயோ நழுவிவிட்டது.

அண்ணன் எழுந்தார். ஒரு கேள்வி மட்டும் கேட்கத் தாசில்தாரிடம் அனுமதி வாங்கினார்.

"குண்டூசிக்குப் பதிலா முள்ளக் குத்துன மனுசன், ஏரோப்ளேனுக்கு மட்டும் சீமைக்குப் போறது ஏன்னு சபைக்குச் சொல்லட்டும்ங்க."

ரங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதோ வரப்போகிறது என்று நானும் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"குண்டூசி ஒடஞ்சா காயிதம் பறக்கும், அவ்வளவுதானுங்க. இங்க ஏரோப்ளேன் செஞ்சா, செஞ்ச பையனையே மொதல்ல ஏத்தி அனுப்பறாங்க. நல்லா இருக்குதான்னு அவன் உசுர வச்சுப் பாக்கறாங்க. வெளிநாட்டுல வாங்குனா, அவங்க ஊட்டுப் பையன் ஏறிப் பாத்து எறங்குன பொறகுதான் நமக்கு வரும். எனக்கு இருக்கறது ஒரு பொண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

அன்று இவர் பாதியில் வைத்த வடை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இந்த மனிதர் இத்தனை நாளும் இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுடுதண்ணீராவது வைத்திருப்பேன்.

அண்ணன் நின்ற இடத்தில் நின்றார். "முருகேசனா? அவன் மேல போறானா?" என்று கேட்டார், சபையை அல்ல, இவரை. இவர் தலையை ஆட்டினார். மகன் தரையில் நின்று போல்ட் முறுக்குகிறான் என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். ரங்கம்மாவின் கை என் கையில் சில்லிட்டது.

தாசில்தார் தொண்டையைக் கனைத்தார். இரு தரப்பும் நன்று, முடிவு செய்ய டில்லியில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு வேறு என்ன சொல்ல வரும்.

இனித்தான் விஷயம். வாசகசாலையில் ஒரு பழக்கம். முன்பு ஒரு தடவை இரண்டு பேர் வாதம் முடிந்து வாசலில் கட்டிப் புரண்டதிலிருந்து, மனத்தில் ஒன்றும் இல்லை என்று காட்ட, பேசின இருவரும் எல்லார் முன்னிலையிலும் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். எப்போதும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அவ்வளவுதான். நேற்றுத் தாசில்தார் வருகிறாரே என்று கம்பவுண்டர் தடபுடல் செய்திருக்கிறார். ஒவ்வொரு தட்டிலும் தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், பூ. இரண்டு பேரும் பிரமை பிடித்த மாதிரி நின்றார்கள். கம்பவுண்டர் கையில் தட்டைக் கொடுத்தார். பத்து வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. மாற்றிக்கொண்டார்கள்.

மாற்றின பிறகுதான் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"என்னங்க, தேங்கா இருக்குது."

"மஞ்சளும் இருக்குதுங்க."

பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும், மாசி மாதம், வெள்ளிக்கிழமை, ஊர் முன்னால் தாம்பூலத் தட்டு மாற்றியாயிற்று. திருப்பிக் கொடுத்தால் அதைவிட அபசகுனம் இல்லை. இரண்டு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு, கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ, கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள்.

ரங்கம்மா எழுந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. சாமி விளக்குக்கு வாங்கி மடியில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைப் பிரித்தாள். நேரே சரசுவிடம் வந்தாள்.

"மேல போறவன் எறங்கி வரணும்னா கீழ ஒருத்தி இருக்கணும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பூவைச் சரசு தலையில் வைத்தாள். அவசரத்தில் கோணலாக நின்றது. சரசு அதைச் சரி செய்யவே இல்லை, வீடு வரைக்கும்.

வரும் வழியில் சரசு கேட்டாள், அந்தத் தேசத்திலும் முதலில் ஏறுகிற பையனுக்கு ஒரு மாமனார் இருக்க மாட்டாரா என்று. இவர் தட்டு சாயாமல் நடப்பதிலேயே கவனமாக இருந்தார்.

இன்று காலையில் நானே கூப்பிட்டுச் சுடுதண்ணீர் வைத்திருப்பதாகச் சொன்னேன்.

27-2, ஞாயிறு

மு. வந்தான். வரும்போதே முகம் சிவந்திருந்தது. ரங்கம்மா காலையிலிருந்து திட்டியிருக்கிறாள், திட்டிக்கொண்டே இரண்டு தடவை ஊட்டியும் இருக்கிறாள். இங்கே சாப்பிட வயிற்றில் இடம் இல்லை என்றான். ஒப்புட்டு மட்டும் தின்றான். இந்தத் தடவை மெல்லிசாக வந்திருந்தது.

கல்யாணம் வைகாசியில்.

இவர் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். துணி துவைக்கிற சாக்கில் நானும் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு மேலே ஏறுவதை விட்டுவிட முடியாதா என்று கேட்டு, மேஸ்திரியிடம் வேண்டுமானால் தாமே வந்து பேசுவதாக இவர் சொன்னார். கோர்ட்டில் வாய் திறக்காதவர், பெங்களூர் போய்ப் பேசுவாராம்.

மு. ராட்டினக் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

"முடியாதுங்க மாமா. நான் ஏற மாட்டேன்னா, நான் முறுக்குனத நம்பி வேற எவனோ ஏறணும். அது எப்படிங்க?"

இவர் வாளியில் தண்ணீர் சேந்தி அவன் கையில் ஊற்றினார், ஒப்புட்டு நெய் போக. இவர் இன்னொருத்தருக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

பஸ் ஏறும்போது மு. கன்னடத்தில் கண்டக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். சரசு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, கன்னடம் கற்றுக்கொள்ளப் புத்தகம் கிடைக்குமா என்று என்னைக் கேட்கிறாள்.

1-3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. புளி தட்டி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தாயிற்று. கை எரிகிறது. பெருங்காயம் இன்னும் வாங்கவில்லை.

பேப்பரில் விமான விவாதம் இன்னும் ஓடுகிறது. இவர் அந்தப் பக்கத்தை இப்போது படிப்பதில்லை. இன்னும் ஓடுவது எனக்குத் தெரியும், நான் படிக்கிறேன்.

பத்து மணிக்கு இவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். வடக்கே சத்தம் கேட்டது. சோதனைக்கு எடுக்கும் விமானம் சில நாள் கிருஷ்ணகிரி தாண்டி இந்தப் பக்கம் வந்து திரும்பும் என்று மு. சொல்லியிருக்கிறான். இவர் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார், ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு. நானும் புளிக் கையோடு பின்னால் போனேன்.

கொசு மாதிரி தெரிந்தது. வத்தல்மலைப் பக்கம் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே திரும்பிற்று. அதில் மு. இருக்கிறானா, வேறு யாராவதா, யாருக்குத் தெரியும். சத்தம் அடங்கின பிறகும் இவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எறங்கியிருப்பானா புள்ள?"

"எறங்கி, கை கழுவிட்டு, சோத்துக்கு உக்காந்திருப்பாருங்க. உள்ள வாங்க, சோப்பு காயுது."

"ஓசூரே இன்னும் தாண்டியிருக்க மாட்டான். நீ போ, வர்றேன்."

நான் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். இவர் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்.